தீட்டும் நீர்ப்பங்கும்: அறநம்பிக்கைகளின் தோற்றம் பற்றிய அறிவியல் வாதம் – ஒரு விமர்சனம்

ஒரு நம்பிக்கை எவ்வாறு உருவானது என்பதைக் காட்டி, அதனாலேயே அது அறிவாகாது என்று நிறுவ முயலும் வாதமுறை தோற்றவழி மறுப்பு எனப்படும். அறவியலில் இவ்வாதம் பரிணாம உயிரியலின் துணையுடன் முன்வைக்கப்படுகிறது. நன்மை, தீமை, நியாயம், கடமை ஆகியவை பற்றிய மனிதரின் நம்பிக்கைகள் உயிர்பிழைத்தலுக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவியதால் நிலைபெற்றவை. அற உண்மை என்று ஒன்று இருந்தாலும், அதைக் கண்டறிவதற்காக அவை உருவாகவில்லை. எனவே அவற்றை அறிவு என்று சொல்ல உரிமை இல்லை என்பது இவ்வாதத்தின் சாரம்.

வீரசோழன், திருச்சுழி, கமுதி ஆகிய ஊர்களை உள்ளடக்கிய வறள்நிலப் பகுதியின் இரண்டு வழக்கங்களைக் கொண்டு இவ்வாதத்தைச் சோதிக்கலாம். ஒன்று கண்மாய் நீர்ப்பங்கீடு. மற்றொன்று தீட்டைக் காரணமாகக் கொண்ட கோயில் நுழைவுத் தடை. முதலாவது நியாயமானது என்றும் இரண்டாவது அநீதி என்றும் இன்று பொதுவாக ஏற்கப்படுகிறது. இரண்டின் தோற்றத்துக்கும் இயற்கையான காரணங்களைச் சொல்ல முடியும். தோற்றமே அறிவைக் கெடுத்துவிடும் என்றால் இரண்டு முடிவுகளும் சேர்ந்தே விழும். நுழைவுத் தடை அநீதியானது என்பதும் அறிவாக இராது. காலத்தோடு மாறிய ஒரு பழக்கமாக மட்டுமே எஞ்சும்.

வாதத்தின் வரலாறு

இவ்வாதத்தின் வித்து சார்லஸ் டார்வின் 1871இல் வெளியிட்ட மனிதனின் மரபுவழி பற்றிய நூலில் உள்ளது. மனிதர் தேனீக்களைப் போன்ற சூழலில் வளர்ந்திருந்தால், சகோதரர்களைக் கொல்வதைப் பெண்கள் புனிதக் கடமையாகக் கருதியிருப்பார்கள் என்ற பொருளில் டார்வின் அங்கே எழுதுகிறார். சமூகமாக வாழும் எந்த அறிவுள்ள உயிருக்கும் ஏதோ ஒரு வகை மனச்சாட்சி உருவாகும். ஆனால் அது நம்முடையதைப் போலவே இருக்க வேண்டியதில்லை என்பது அவருடைய கருத்து. அறவுணர்வு பொய் என்ற முடிவுக்கு டார்வின் வரவில்லை. பின்வந்தவர்களே அந்த முடிவை எடுத்தனர்.

1887இல் வெளிவந்த அறநெறியின் மரபுவழி பற்றிய நூலில் நீட்சே வேறொரு பாதையில் சென்றார். பணிவு, இரக்கம் போன்ற மதிப்புகள் ஆற்றாமையிலிருந்தும் வன்மத்திலிருந்தும் எழுந்தவை என்றார். அவருடையது உயிரியல் விளக்கம் அல்ல, வரலாற்று உளவியல் விளக்கம். ஆயினும் தோற்றத்தைக் காட்டி மதிப்பைக் கேள்விக்கு உட்படுத்தும் முறையை அவரே பரவலாக்கினார்.

இருபதாம் நூற்றாண்டில் உதவும் குணத்தின் உயிரியல் தெளிவடைந்தது. 1957இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து 1964இல் புவனேஸ்வரத்தில் மறைந்த ஜே.பி.எஸ். ஹால்டேன், ஆற்றில் மூழ்கும் குழந்தையைக் காப்பாற்றக் குதிக்கும் குணம் எப்போது பரவும் என்பதை 1955இல் எழுதிய கட்டுரையில் ஆராய்ந்தார். காப்பாற்றப்படுபவர் நெருங்கிய உறவினராக இருந்தால் அந்தக் குணத்துக்கான மரபணு நிலைக்கும் என்பது அவர் கணக்கு. 1964இல் டபிள்யூ.டி. ஹாமில்டன் இதை முழுமையான கோட்பாடாக்கினார். இரத்த உறவு மட்டும் எல்லாவற்றையும் விளக்கிவிடவில்லை. ராகவேந்திர கடக்கர் பெங்களூரில் பல்லாண்டுகள் ஆராய்ந்த ரோப்பலிடியா மார்ஜினேட்டா என்னும் குளவியினத்தில், கூட்டுக்காக உழைத்துத் தம் இனப்பெருக்கத்தைக் கைவிடும் குளவிகளுக்கிடையே உறவு நெருக்கம் எதிர்பார்க்கும் அளவுக்கு இல்லை. சூழல், ஆயுள், கூடு கட்டுவதில் உள்ள இடர் ஆகியவையும் கணக்கில் வருகின்றன.

இந்த உயிரியலிலிருந்து அறவியல் முடிவை வெளிப்படையாக எடுத்தவர்கள் மைக்கேல் ரூஸும் எட்வர்ட் வில்சனும். 1980களின் நடுவில் எழுதிய கட்டுரைகளில், புறநிலையான அறம் என்பது ஒத்துழைப்புக்காக மரபணுக்கள் மனிதர்மீது ஏற்றிய மாயை என்றனர். 2006இல் ரிச்சர்ட் ஜாய்ஸின் நூலும் ஷாரன் ஸ்ட்ரீட்டின் கட்டுரையும் வெளிவந்த பிறகு விவாதம் இன்றைய வடிவத்தை அடைந்தது.

வாதம் சொல்வதும் சொல்லாததும்

இம்மூன்று தரப்புகளையும் ஒன்றாகக் கருதுவது வழக்கம். ஆனால் அவற்றின் முடிவுகள் வேறு வேறு. ரூஸுக்கு அறம் மாயை. ஜாய்ஸுக்கு அறநம்பிக்கைகள் பொய்யெனத் தெரியவில்லை. ஆனால் அவற்றின் தோற்றம் தெரிந்த பிறகு நம்புவதற்கான நியாயம் போய்விடுகிறது. ஜாய்ஸ் தரும் உவமை ஒரு மாத்திரை. ஏதோ ஒரு வரலாற்று மனிதர் ஒரு போரில் வென்றார் என்று நம்பச் செய்யும் மாத்திரையை ஒருவர் அறியாமல் விழுங்கியிருக்கிறார். பின்னர் உண்மை தெரியவருகிறது. அந்த மனிதர் போரில் வென்றிருக்கவும் கூடும். எனினும் மாத்திரையை விழுங்கியவர் அதைத் தனக்குத் தெரியும் என்று இனிச் சொல்ல முடியாது.

ஸ்ட்ரீட்டின் வாதம் அற மெய்மைவாதத்துக்கு எதிரானது. மதிப்பிடும் உயிர்கள் எவற்றையும் சாராமல் அற உண்மைகள் தாமாக இருக்கின்றன என்பதே அற மெய்மைவாதம். அதை ஏற்பவர் இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பரிணாமம் மனிதரின் மதிப்பீடுகளை வடிவமைத்ததற்கும் அந்த உண்மைகளுக்கும் தொடர்பில்லை எனலாம். அப்போது நம் நம்பிக்கைகள் சரியாக இருப்பது தற்செயல். அல்லது, அற உண்மைகளைக் கண்டறிந்தது பிழைக்க உதவியது எனலாம். அது அறிவியல் விளக்கமாக நிற்காது. குழந்தையைக் காப்பது நல்லது என்ற உண்மையை அறிந்ததால் பெற்றோர் பிழைக்கவில்லை. குழந்தையைக் காத்தவர்களின் மரபு தொடர்ந்தது, அவ்வளவுதான்.

தமிழில் இந்த விவாதத்தைத் தொடும்போது பெரும்பாலும் விடுபடுவது, ஸ்ட்ரீட் அற அறிவையே மறுக்கவில்லை என்பது. மதிப்புகள் மதிப்பிடும் உயிர்களைச் சார்ந்தவை என்ற கட்டமைப்புவாதமே அவருடைய முடிவு. அந்தச் சார்பை ஏற்றுக்கொண்டால் அற அறிவுக்கு இடமுண்டு. தோற்றவழி மறுப்பு அறிவியலால் நிரூபிக்கப்பட்ட அற ஐயவாதம் என்று சொல்வது இதனால் தவறான சுருக்கமாகிவிடுகிறது.

வறள்நிலத்தின் இரண்டு வழக்கங்கள்

வீரசோழன் விருதுநகர் மாவட்டம் திருச்சுழி வட்டத்தில் உள்ள ஊர். 1985இல் இம்மாவட்டம் பிரிக்கப்படும் வரை இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. இசுலாமியரும் இந்துக்களும் வாழும் ஊர். சுற்றுக் கிராமங்கள் கூடும் வாரச்சந்தை இங்கு உண்டு. குண்டாறும் கிருதுமாலும் மழைக்காலத்தில் மட்டும் நீர் காணும் இப்பகுதியில் வேளாண்மை கண்மாய்களை நம்பியது. ஒரு கண்மாய் நிறைந்தால் அதன் கலுங்கு வழியே வழியும் நீர் அடுத்த கண்மாய்க்குச் செல்லும். ஒவ்வொரு கண்மாயிலும் தலைமடைக்காரருக்கும் கடைமடைக்காரருக்கும் இடையே நலன்கள் மோதும்.

பல கண்மாய்களில் நிலக்காரர்கள் தாமே மடையைத் திறக்க முடியாது. மடை திறந்து வயல்களுக்கு நீர் பாய்ச்ச நீர்பாய்ச்சி என்பவர் இருந்தார். நீர் குறையும் ஆண்டில் முறை வைத்துப் பாய்ச்சினர். நீர்பாய்ச்சிக்கு அறுவடையில் நெல் அளந்து கொடுக்கப்பட்டது. தலைமடையில் செல்வாக்குள்ளவரின் வயல் இருந்தாலும் முறை தப்பக்கூடாது என்பது எதிர்பார்ப்பு. முறை தப்பினால் ஊர் பேசும். இது ஓர் அறநம்பிக்கை. அறிவியல் இதற்குத் தெளிவான தோற்ற விளக்கம் தருகிறது.

இரண்டாவது வழக்கத்தின் ஆவணம் இப்பகுதியின் மற்றோர் ஊரான கமுதியில் உள்ளது. 1897 மே மாதத்தில் நாடார் சமூகத்தைச் சேர்ந்த சிலர் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் சென்று வழிபட்டனர். கோயிலின் பரம்பரை அறங்காவலரான இராமநாதபுரம் ஜமீன்தார் பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். 1893இல் விவேகானந்தர் சிகாகோ செல்ல உதவியவர்களில் ஒருவர் இவர். கோயில் தீட்டுப்பட்டது, அதற்கான சுத்திச் சடங்கின் செலவை ஈடு செய்ய வேண்டும், இனி நுழையக்கூடாது என்பது கோரிக்கை. மதுரை சார்புநீதிமன்றம் 1899இல் கோயில் தரப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் சிவகாசிக் கலவரம் நடந்தது. மேல்முறையீட்டுக் காலத்தில் சேதுபதி சமரசத்துக்கு இசைந்தார். ஆனால் கோயில் வழக்கத்தை அறங்காவலர் தாமாக மாற்ற இயலாது என்று அது ஏற்கப்படவில்லை. 1908இல் இலண்டன் பிரிவி கவுன்சில் நாடார்களின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

இவ்வழக்கில் கவனிக்க வேண்டியது, இரு தரப்பும் தோற்றத்தையே சான்றாக அழைத்தது. தடை நெடுங்கால வழக்கம் என்றது ஒரு தரப்பு. தாங்கள் பாண்டியர் வழிவந்த சத்திரியர் என்றது மறுதரப்பு. நீதிமன்றம் தேடியது மாமூலை. வழக்கம் பழமையானது என்று நிறுவப்பட்டதும் தீர்ப்பு முடிவானது. வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை கிடைத்தது. அது சரியா என்பது கேள்வியாகவே எழவில்லை.

1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் தாழ்த்தப்பட்ட வகுப்பினரும் நாடார் ஒருவரும் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்றனர். 1947இல் சென்னை மாகாணக் கோயில் நுழைவு அனுமதிச் சட்டம் வந்தது. 1950இல் அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1908க்கும் 1947க்கும் இடையில் சமூகம் எதையேனும் அறிந்துகொண்டதா, அல்லது வெறுமனே மாறியதா என்பதே தோற்றவழி மறுப்பு எழுப்பும் கேள்வியின் உள்ளூர் வடிவம்.

தீட்டின் தோற்றம்

அருவருப்பு என்னும் உணர்ச்சி நஞ்சிலிருந்தும் நோய்க்கிருமிகளிலிருந்தும் உடலைக் காக்க உருவானது என்பது உளவியலாளர் பலரின் முடிவு. பால் ரோசினும் அவருடன் பணியாற்றியவர்களும் 1986இல் வெளியிட்ட ஆய்வு இதன் ஓர் இயல்பைக் காட்டியது. கிருமிநீக்கம் செய்யப்பட்ட கரப்பான்பூச்சியைப் பழச்சாற்றில் தொட்டெடுத்தாலும் மக்கள் அதைக் குடிக்க மறுத்தனர். ஆபத்தில்லை என்று அறிந்த பிறகும் தொடுகை ஒன்றே பொருளைக் கெடுத்துவிட்டதாக மனம் எடுத்துக்கொள்கிறது. தொட்டது ஒட்டும் என்பதே இவ்வுணர்ச்சியின் தர்க்கம்.

டேனியல் கெல்லி 2011இல் வெளியிட்ட நூலில், உடலைக் காக்க உருவான இவ்வுணர்ச்சி பின்னர் சமூக எல்லைகளைக் காக்கப் பயன்படுத்தப்பட்டது என்றார். உணவுக்கும் பிணத்துக்கும் உரிய எதிர்வினை வேற்றுக் குழுவினர்மீதும் கீழே வைக்கப்பட்டோர்மீதும் திருப்பப்படுகிறது. எனவே அருவருப்புக்கு அற அதிகாரம் இல்லை என்பது அவர் முடிவு. தீட்டு என்ற கருத்து முழுவதையும் இது விளக்கிவிடாது. நிலவுடைமை, ஜமீன் அதிகாரம், சடங்கு உரிமை ஆகியவை இல்லாமல் கமுதித் தடை நிலைத்திருக்காது. ஆனால் ஒருவர் நுழைந்ததால் கட்டடம் கெட்டது, நீர் தெளித்தால் சீராகும் என்ற எண்ணம் ஏன் மனிதருக்கு எளிதில் நம்பத்தக்கதாகப் படுகிறது என்பதை இது விளக்குகிறது.

இங்கே தோற்ற விளக்கம் உண்மையான பணியைச் செய்கிறது. அருவருப்பு மிகையாகச் செயல்படும் எச்சரிக்கை மணி. பத்து முறை வீணாக அடித்தாலும் ஒரு முறை ஆபத்தைக் காட்டினால் போதும் என்ற கணக்கில் அமைந்தது. அது எதிரே நிற்பவரின் நடத்தையையோ தகுதியையோ அவருக்கு நேரும் துன்பத்தையோ அளப்பதில்லை. கோயிலுக்குள் வந்தவர் எத்தகையவராக இருந்திருந்தாலும் அதே எதிர்வினை கிளம்பியிருக்கும். எதை அளக்கவில்லையோ அதைப் பற்றி அவ்வுணர்ச்சி சாட்சி சொல்ல முடியாது. தீட்டு நம்பிக்கைக்கு வேறு ஆதாரம் இல்லாதபோது அது வீழ்கிறது.

இதற்கு மறுப்பு உண்டு. ரிச்சர்ட் ஷ்வீடர் புவனேஸ்வரத்தில் நடத்திய ஆய்வுகளையும், அங்கே தங்கி ஆராய்ந்த ஜோனதன் ஹைட் 2012இல் எழுதிய நூலையும் பின்பற்றுவோர், தூய்மையும் அறத்தின் இயல்பான தளங்களில் ஒன்று, அதை ஒதுக்குவது மேற்கத்தியப் படித்த வர்க்கத்தின் குறுகல் என்பர். மனிதர் தூய்மையை அறமாகக் கருதுகின்றனர் என்ற அளவில் இது சரி. ஆனால் மனிதர் எதை அறமாகக் கருதுகின்றனர் என்ற விவரணையிலிருந்து அது அறம் என்பது வந்துவிடாது. கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவர்களும் அதே பண்பாட்டினர். அதே தெய்வத்தை வணங்கியவர்கள். தடையை எதிர்த்தது மேற்கத்திய மனம் அல்ல.

நீர்ப்பங்கின் தோற்றம்

நியாய உணர்வின் தோற்றம் வேறு வகையானது. எலினோர் ஆஸ்ட்ரம் 1990இல் வெளியிட்ட நூல், பொதுவளங்களை மக்கள் எந்த நிலைமைகளில் தாமே ஒழுங்குபடுத்துகின்றனர் என்பதைத் தொகுத்தது. இதற்காக 2009இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ராபர்ட் வேட் 1988இல் ஆந்திரத்தின் கர்நூல் பகுதியைப் பற்றி எழுதிய நூலில், நீர் வருமோ வராதோ என்ற இடரில் இருந்த வாய்க்கால் கடைப்பகுதிக் கிராமங்களே வலுவான பொது ஏற்பாடுகளை உருவாக்கின என்று காட்டினார். பற்றாக்குறையும் பரஸ்பரச் சார்பும் கூடும் இடத்தில் முறை என்ற கருத்து வேர்விடுகிறது.

பல நாட்டுச் சிறு சமூகங்களில் ஜோசப் ஹென்ரிக்கும் குழுவினரும் நடத்திய பங்கீட்டுச் சோதனைகளும் இதையே சுட்டுகின்றன. ஒருவரிடம் பணம் தந்து முன்பின் தெரியாதவருக்கு அதில் பங்கு தரச் சொல்வது சோதனை. தனித்தனிக் குடும்பமாக வாழும் பெருவின் மச்சிகெங்கா மக்கள் சராசரியாகக் கால் பங்கு அளவே தந்தனர். கூட்டாகத் திமிங்கில வேட்டையாடும் இந்தோனேசியாவின் லமலேரா மக்கள் பாதிக்கும் மேல் தந்தனர். 2010இல் வெளிவந்த ஆய்வில் சந்தையோடு தொடர்புள்ள சமூகங்களிலும், உலகளாவிய சமயங்களைப் பின்பற்றும் சமூகங்களிலும் பங்கு நியாயமாக இருக்கும் போக்கு காணப்பட்டது. வாரச்சந்தையும் இரு சமயங்களும் கொண்ட வீரசோழன் போன்ற ஊரின் நியாய உணர்வையும் இவ்வகையில் விளக்க முடியும்.

இந்த விளக்கம் நீர்ப்பங்கு நியாயத்தைக் கெடுக்கிறதா? தீட்டோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். முறை வைக்கும் வழக்கம் உருவானதற்கான காரணத்திலேயே கடைமடைக்காரரின் பயிர் கருகுவது இடம்பெறுகிறது. ஒருவர் முறை தப்பினால் மற்றொருவர் இழக்கிறார்; இழந்தவர் சண்டையிடுகிறார் அல்லது கரை வேலைக்கு வர மறுக்கிறார்; ஏற்பாடு குலைகிறது. வழக்கத்தை வடிவமைத்த விசை மனிதருக்கு நேரும் உண்மையான இழப்பை அளந்தது. முறை ஏன் வேண்டும் என்பதற்கான காரணமும் அதே இழப்புதான். தோற்றமும் நியாயமும் ஒரே புள்ளியைத் தொடுகின்றன.

அதற்காக இந்த வழக்கத்தைப் புனிதமாக்கவும் கூடாது. டேவிட் மோஸ் 2003இல் வெளியிட்ட நூல் சிவகங்கை, இராமநாதபுரம் பகுதிக் கண்மாய்களை ஆராய்ந்தது. கண்மாய் நிர்வாகம் தன்னாட்சி பெற்ற கிராமச் சமத்துவத்தின் சின்னம் என்ற பார்வையை அது மறுத்தது. அரசியல் அதிகாரம், கோயில் மரியாதை, சாதிப் படிநிலை ஆகியவற்றோடு கண்மாய் பின்னிப் பிணைந்திருந்தது. நீர்பாய்ச்சியாகப் பணியாற்றியோர் பெரும்பாலும் பட்டியல் சாதியினர். வயல்களுக்குப் பாரபட்சமின்றி நீர் பகிர நம்பப்பட்ட சமூகம், பல ஊர்களில் பொதுக் கிணற்றில் நீர் எடுக்க அனுமதிக்கப்படவில்லை. ஒரே ஊர், ஒரே மனிதர்கள், ஒரே நீர். நியாயமும் தீட்டும் அங்கே ஒன்றாக வாழ்ந்தன.

மரபை மொத்தமாகப் போற்றுவோருக்கும் மொத்தமாக மறுப்போருக்கும் இது ஒரே விடையைத் தருகிறது. ஒரே மரபுக்குள் அளவுள்ள நம்பிக்கையும் அளவற்ற நம்பிக்கையும் கலந்திருக்கின்றன. பிரித்தறிய ஒவ்வொன்றையும் தனியாக விசாரிக்க வேண்டும்.

முழு மறுப்பு ஏன் நிற்கவில்லை

தோற்றவழி மறுப்பாளர் இங்கே குறுக்கிடலாம். இழப்பை அளப்பது முக்கியம், பிறர் நிலையில் நின்று பார்ப்பது முக்கியம் என்பவையும் பரிணாமம் தந்த மதிப்பீடுகள்தாமே? ஒரு மாத்திரையைச் சோதிக்க மற்றொரு மாத்திரையை விழுங்குவதால் என்ன பயன்?

வலுவான கேள்வி இது. கண்பார்வையும் பரிணாமத்தால் வந்ததே என்ற பதில் மட்டும் போதாது. புலியைக் கண்டவர் தப்பினார் என்னும்போது அவ்விளக்கத்தில் புலி இருப்பது அவசியம். அறநம்பிக்கையின் விளக்கத்தில் அற உண்மை அவ்வாறு அவசியமாவதில்லை என்பதே மறுப்பாளரின் பலம்.

ஆனால் முழு மறுப்பு தன் காலையே வெட்டிக்கொள்கிறது. கை கஹானே 2011இலும் கட்யா வவோவா 2014இலும் இதை வெவ்வேறு வழிகளில் சுட்டினர். ஒரு குறிப்பிட்ட அறநம்பிக்கை தவறான பாதையில் வந்தது என்று சொல்ல, சரியான பாதை எது என்பதைப் பற்றி ஏதேனும் தெரிந்திருக்க வேண்டும். எல்லா அறநம்பிக்கைகளையும் ஒதுக்கிவிட்டால், பரிணாமம் நம்மை உண்மையிலிருந்து விலக்கியது என்று சொல்லவும் அளவுகோல் இராது. எந்தத் திசை வடக்கு என்றே தெரியாதவர், திசைகாட்டி தவறு என்று சொல்ல முடியாது.

டார்வினின் தேனீ உதாரணத்துக்கும் எல்லை உண்டு. வேறோர் உயிரினமாக இருந்திருந்தால் வேறு கடமைகள் தோன்றியிருக்கும் என்பதை ஏற்கலாம். அதனால் மனிதரின் அறம் மனிதரைச் சார்ந்தது என்று மட்டுமே ஆகும். கமுதிக் கோயிலின் உள்ளே நின்றவர்களும் வெளியே நிறுத்தப்பட்டவர்களும் தேனீயும் மனிதரும் அல்லர். இரு தரப்பும் ஒரே வகை உயிர். அவமானம் இருவருக்கும் ஒரே வகையில் வலிக்கும். உயிரினங்களுக்கிடையில் செல்லுபடியாகும் ஒரு சார்புநிலையைச் சாதிகளுக்கிடையில் கொண்டுவந்து வைப்பது வாதத்தின் எல்லையை மீறுவதாகும்.

தமிழ்ச் சூழலில் தோற்றவழி மறுப்பு

தமிழகத்தில் தோற்றவழி மறுப்பைப் பரவலாகக் கையாண்டது சுயமரியாதை இயக்கம். சாத்திரங்கள் யாரால், யாருடைய நன்மைக்காக எழுதப்பட்டன என்று கேட்டே அவற்றின் அதிகாரத்தைப் பெரியார் தகர்த்தார். சிங்காரவேலர் 1930களில் குடிஅரசு இதழில் அறிவியல் நோக்கிலான கட்டுரைகளை எழுதினார். 1929இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன். பிரிவி கவுன்சில் தீர்ப்பு வந்து 21 ஆண்டுகளே ஆகியிருந்தன. கமுதி வழக்கில் தோற்ற சமூகத்தைச் சேர்ந்த தலைவர் ஒருவர், பழமையான வழக்கம் என்ற சான்றையே மறுக்கும் மேடையில் இருந்தார்.

அம்பேத்கரின் இரு படைப்புகள் இவ்விவாதத்தின் இரு படிகளைக் காட்டுகின்றன. 1916இல் எழுதிய கட்டுரை சாதியின் தோற்றத்தையும் அது இயங்கும் விதத்தையும் விளக்கியது. 1936இல் வெளியான சாதி ஒழிப்பு உரை சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற அடிப்படைகளிலிருந்து சாதியை மதிப்பிட்டது. முதலாவது இல்லாமல் சாதி இயற்கையான ஒழுங்கு என்ற தோற்றம் கலைந்திருக்காது. இரண்டாவது இல்லாமல் அது தவறு என்று சொல்லியிருக்க முடியாது. தோற்ற ஆய்வு பழைய சாட்சியின் நம்பகத்தைக் குலைக்கும். தீர்ப்பெழுத வேறு காரணம் வேண்டும்.

மதிப்பீடு

அறநம்பிக்கைகளின் அறிவியல் தோற்றம் அற அறிவை மொத்தமாக அழிப்பதில்லை. அதை மாற்றமின்றி விட்டுவிடுவதும் இல்லை. ஒரு நம்பிக்கையை உருவாக்கிய விசை எதை அளந்தது, நிலைமை வேறாக இருந்திருந்தாலும் அதே நம்பிக்கை வந்திருக்குமா, அதனால் பாதிக்கப்படுபவரின் முகத்துக்கு நேரே அதன் காரணத்தைச் சொல்ல முடியுமா என்ற மூன்று கேள்விகளை அது ஒவ்வொரு நம்பிக்கையிடமும் கேட்க வைக்கிறது. தீட்டு மூன்றிலும் தோற்கிறது. நீர்முறை முதலிரண்டில் தேறுகிறது. மூன்றாவதில் கடைமடைக்காரர் முன் நிற்கிறது. நிலமற்ற நீர்பாய்ச்சியின் முன் தடுமாறுகிறது. அந்தத் தடுமாற்றமே அவ்வழக்கம் எங்கே திருத்தப்பட வேண்டும் என்பதைச் சொல்கிறது.

இந்நிலைப்பாட்டுக்கு விலை உண்டு. எல்லா உயிர்களுக்கும் எக்காலத்துக்கும் பொருந்தும் அற உண்மைகள் தெரியும் என்ற உரிமையைக் கைவிட வேண்டியிருக்கும். எஞ்சுவது ஒப்பீட்டு அறிவு. 1947ஆம் ஆண்டுச் சட்டம் 1908ஆம் ஆண்டுத் தீர்ப்பைவிடச் சரியானது என்பது அத்தகைய அறிவு. காலம் மாறியதால் மட்டும் அது சரியாகவில்லை. தீட்டு அளக்காமல் விட்டதை, வாசலில் நிறுத்தப்பட்டவருக்கு நேர்ந்ததை, அது கணக்கில் எடுத்தது. அறத்தின் மூலம் மண்ணிலும் உடலிலும் பற்றாக்குறையிலும் இருப்பதை அறிந்த பின்னரும் இதை அறிவு என்று சொல்லத் தடையில்லை.